நாலாம் இலக்கக் கோபுரம்

எனக்குப் பத்து வயதாகும்வரை நாங்கள் விடுமுறைக்கு எங்கேயும் போனதில்லை. போனதில்லை என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவார். லண்டனுக்குப் போயிருக்கிறோம்; லண்டன் என்றால் பெரியப்பா வீட்டு சோபா. பாரிசுக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். அது சித்தி வீட்டுச் சமையலறை. சுவிசுக்குப் போனபோது காலையில் யாரோ ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மண்டபத்துக்குள் நுழைந்து பின்னேரம் வெளியே வந்தோம். மண்டபத்தில் ஜன்னல்கூட இல்லை, ஆகவே மலை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் ஆசிரியை எங்களை வட்டமாக இருத்தி, யார் யார் எங்கே போனீர்கள் என்று கேட்பார். மற்றப் பிள்ளைகள் கடல், பனி, ஒட்டகம் என்று அளப்பார்கள். நான் "உறவினர்களைப் பார்க்கப் போனோம்" என்பேன். மூன்று வருஷமாக அதே பதில். கடைசியில் ஆசிரியையே என்னிடம் வரும்போது தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகத் தொடங்கிவிட்டார்.

ஆகவே அந்த இலையுதிர்கால விடுமுறையில் அப்பா, "ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலை ஒரு கோட்டை பார்க்கப் போறம்" என்று சொன்னபோது நான் நம்பவில்லை.

"உண்மையான கோட்டையோ அப்பா?"

"ஓம். ஊர் முழுக்கச் சுத்திவர மதிலாம். மதிலுக்கு மேலாலை நடக்கலாமாம்."

அங்கே நமக்கு யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று சந்தேகத்தோடு கேட்டேன். இல்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் இருந்தது பிராங்பேர்ட்டுக்கு வெளியே, விமானங்கள் தாழப் பறக்கும் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்கு விமான நிலையச் சமையற்கட்டில் வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் இருந்தார். கோட்டைக்குப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை எனக்குப் பாதிதான் சொன்னார்கள், அந்தப் பாதியும் நான் காரின் பின்சீட்டில் இருந்து பொறுக்கியது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. எனக்கு அவர் மாமா. நான் அவரை நேரில் கண்டதில்லை. போனில் விசில் அடித்துக் காட்டுவார், அதை நான் திருப்பி அடிக்கவேண்டும், எனக்கு வராது, காற்றுத்தான் வரும். ஊரில் போர் முடிந்த பிறகு அந்தப் போன் வரவில்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை, முகாமிலும் இல்லை, சிறையிலும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அது நடந்து இரண்டாவது வருஷம்தான் நான் சொல்லும் இந்த வருஷம். கடைசி மாதங்களில் மாமாவோடு ஒன்றாக இருந்த ஒரு பெடியன் எப்படியோ பிரான்சுக்கு வந்து சேர்ந்து, அந்தக் கோட்டை ஊரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனிடம் பேப்பர் கிடையாது, எல்லை தாண்டி ஜெர்மனிக்கு வர ஏலாது. சொந்தமாகப் போனும் கிடையாது. யாரோ ஒருவருடைய போனிலிருந்து ஒரே ஒருமுறை அப்பாவுக்கு எடுத்தான்.

"போனிலை சொல்லமாட்டானாம்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "நேரிலை வரட்டாம். ஞாயிறு ரெண்டிலையிருந்து மூண்டுமட்டும்தான் அவனுக்கு ஓய்வாம்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு இடத்தின் பெயர் சொல்லத் தெரியவில்லை. மதிலில் சுற்றுலாக்காரருக்காக இரும்புத் தகட்டில் இலக்கம் அடித்து வைத்திருக்கிறார்களாம், நாலாம் இலக்கம் போட்ட கோபுரத்தின் கீழே நிற்பானாம். மாமா எங்கே இருக்கிறார் என்று அவன் சொல்லப்போகிறான் என்று நான் விளங்கிக்கொண்டேன். விலாசம் தெரிந்தால் விசில் அடிக்கப் பழகியதைச் சொல்லலாம் என்று இருந்தேன். எனக்குள் சந்தோஷம் நிறைய இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மா அந்தப் பெடியனுக்கென்று புட்டு அவித்து, மீன் பொரித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, ஒரு பெரிய பார்சல் கட்டினார். எங்களுக்கு இடியப்பமும் சம்பலும். விடியப்புறம் வெளிக்கிட்டோம். வழி முழுவதும் தூறல். ஓரிடத்தில் விபத்து, ஒரு மணித்தியாலம் கார் நகரவில்லை. அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, சூடு போகாமல் தன்னுடைய சால்வையைச் சுற்றியிருந்தார். கோட்டை வாசலுக்கு நாங்கள் வந்தபோது இரண்டு மணிக்குக் கால்மணி இருந்தது.

மதில் நான் நினைத்ததைவிடப் பெரிது. கறுத்து, ஈரமாக, கற்களுக்கு இடையில் பாசி பிடித்து நின்றது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அலுவலகத்தில் ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, ஜெர்மன் மொழியில் அச்சடித்த ஒரு தாளை எடுத்து நேரே என் கையில் தந்தார். வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே நடப்பவர்களுக்கான தாள் அது. ஊரின் படம், மதிலைச் சுற்றி ஒன்று முதல் பதினாறு வரை இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி விளக்கம். அப்பாவுக்கு ஜெர்மன் பேச வரும், வாசிக்க நேரமெடுக்கும். அம்மாவுக்கு இரண்டும் கஷ்டம். ஆகவே பதவி எனக்கு வந்தது. நான் பதவியை எடுத்தால் சும்மா எடுக்கிற ஆள் இல்லை.

"ஒன்று இதுதான், வாசல்," என்று அறிவித்தேன். "இதிலிருந்து வலப்பக்கம் திரும்பிப் படியேற வேண்டும். இரண்டு, மூன்று, நாலு. பத்து நிமிஷம்."

அப்பா திரும்பினார். அம்மா திரும்பவில்லை. வாசலுக்கு உள்ளே நின்று ஊரின் நடுவே தெரிந்த தேவாலயக் கூர்க்கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவிலை கோயில் இருக்கு," என்றார்.

"அது வேதக்கோயில்," என்றார் அப்பா.

"எந்தக் கோயிலெண்டாலும் கோயில்தான். இப்பிடிப் போனா இடமாச் சுத்திற மாதிரி வரும். இந்தப் பக்கத்தாலை வாங்கோ." அவர் காட்டியது இடக்கைப் பக்கம். அதாவது பதினாறிலிருந்து பின்னோக்கி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சடித்த தாளில் அம்புக்குறி போட்டுத் தந்திருக்கிறார்கள், அதை மாற்றி நடப்பதா? அந்தப் பக்கத்தால் போனால் நாலாம் இலக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்ப நீர் பிள்ளையோடை இதாலை வாரும்," என்றார் அப்பா. "நான் நேரை போய் அவனை மறிச்சு வைக்கிறன்."

"நீங்கள் தனியப் போய்க் கேக்கக்கூடாது." அம்மா குரலை உயர்த்தவில்லை. "அவன் என்ரை தம்பி. எனக்கு முன்னாலைதான் அந்தப் பெடியன் வாய் திறக்கவேணும். நான் இடம் சுத்தி அவன்ரை கதை கேக்கப் போகமாட்டன். இடம் சுத்திறது எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

எங்களுடைய ஆட்கள் சுடலையில், கொள்ளிக்குடத்தோடு மட்டும்தான் இடமாகச் சுற்றுவார்கள். பத்து வயதில் எனக்கு அது தெரியாது. கோயிலில் வலமாகச் சுற்றுவது தெரியும், அதை ஒரு பிரெஞ்சு மதிலுக்கும் கொண்டுவந்து விட்டாரே என்று அம்மாமேல் எரிச்சல்தான் வந்தது. மூன்று பேரும் இடப்பக்கம் திரும்பிப் படியேறினோம்.

ஆனால் என் எரிச்சல் பதினைந்தாம் இலக்கத்தோடு போய்விட்டது. ஏனென்றால் அம்மா கேட்டார். நான் தாளை வாசித்து, தமிழில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தகட்டின் முன்னும் நின்று, என் வாயைப் பார்த்துக் கேட்டார். வீட்டில் நான் பள்ளிக்கூடக் கதை தொடங்கினால் "பிறகு, பிறகு" என்று கையைக் காட்டுகிற அம்மா. இந்தக் கல்லை எங்கேயிருந்து கொண்டுவந்தவை என்றார். இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏத்தினவை என்றார். நான் தாளில் இருந்ததையும் சொன்னேன், இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். "இன்னொருக்கா வாசி பிள்ளை" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

அப்பா பத்தடி முன்னுக்குப் போய் நிற்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார், திரும்பி வருவார். தூறல் விடவில்லை. மதிலின்மேல் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கீழே, தோட்டங்களில் பழுத்த இலைகள் அழுகிக் கிடந்தன.

பன்னிரண்டாம் இலக்கத்தில் ஒரு முற்றுகையைப் பற்றி எழுதியிருந்தது. எதிரிப்படை ஊரைச் சுற்றி வளைத்து, மாதக்கணக்காக ஒருவரையும் வெளியே விடவில்லையாம்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்தவை?" என்று அம்மா கேட்டார்.

"குதிரைகளைத் தின்றார்களாம். பிறகு புல்லைத் தின்றார்களாம்."

"பிறகு?"

"பிறகு கதவைத் திறந்துவிட்டார்களாம்."

"வெளியிலை வந்த சனத்துக்கு என்ன நடந்தது?"

நான் தாளில் தேடினேன். அதோடு அந்தப் பந்தி முடிந்திருந்தது. மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன், ஓர் ஐஸ்கிரீம் கடையின் விளம்பரம் இருந்தது. அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை அம்மா."

"அதையெல்லே எழுதியிருக்கவேணும்," என்றார். அப்பா மதிலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் இலக்கத்துக்கு வந்தபோது இரண்டு முப்பத்தைந்து. அப்பா திடீரென்று, பார்க்கிங் டிக்கெட் முடியப்போகிறது, ஓடிப்போய் மாற்றிவிட்டு நேரே நாலுக்கு வந்துவிடுகிறேன் என்றார். அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். எனக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. என் அப்பா, ஒரு வாகனமும் இல்லாத விடியற்காலையில்கூடச் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கிற மனிதர். படியிறங்கி ஊருக்குள் போய் மறைந்தார்.

ஆறாம் இலக்கத்தில் மதில் வளைகிறது. அந்த வளைவிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் நாலாம் கோபுரம் முழுதாகத் தெரியும். அதன் அடியில், கல்படியில், ஒருவர் குந்தியிருந்தார். கறுப்பு ஜாக்கெட், கீழே சமையற்கட்டில் போடுகிற கட்டம்போட்ட காற்சட்டை. மடியில் ஒரு கடைப் பை. இவ்வளவு தூரத்திலும் எங்களுடைய ஆள் என்று தெரிந்தது. குந்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அம்மா, அங்கை! அவர்தான்."

அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். படியில் இருந்தவர் எழுந்தார். எங்களைப் பார்த்தார். பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். கூப்பிடவும் இல்லை, கையைக் காட்டவும் இல்லை. அம்மாவும் அப்படியே நின்றார். நான் கையைத் தூக்கி ஆட்டப்போனேன். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவருடைய கை குளிர்ந்து போயிருந்தது.

"அது எங்கடை ஆள் இல்லை," என்றார்.

"எங்கடை ஆள்தான் அம்மா, பாருங்கோ—"

"இல்லை. நீ ஆறை வாசி."

"வாசிச்சிட்டன்."

"இன்னொருக்கா வாசி."

அம்மா கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். நான் ஆறாம் இலக்கத்தை மறுபடி வாசித்தேன். அம்பு எய்கிற துவாரங்களைப் பற்றியது. பிறகு அவருக்குக் கால் நோகிறது என்று ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். ஐந்தாம் இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. கல்படியில் ஒருவரும் இல்லை. கோபுரத்து விளிம்பின் கீழே, அவர் குந்தியிருந்த இடம் மட்டும் நனையாமல் இருந்தது.

அம்மா சால்வையைக் கழற்றிவிட்டு, பார்சலை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்தார். "வந்தானெண்டால் சாப்பிடட்டும்." இங்கே சாமான் போட்டுவிட்டுப் போகக்கூடாது, தண்டம் அடிப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அப்போது மதிலிலிருந்து ஒரு காகம் இறங்கி, படியில் தத்தி வந்து, பார்சலின் தாளைக் கொத்தியது. அம்மா பாய்ந்தார். "சூ! போ! போ சனியனே!" என்று சால்வையால் ஓங்கி ஓங்கி விசுக்கினார். காகம் எழும்பிப் போன பிறகும் விசுக்கினார். பிறகு பார்சலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒரு காகத்துக்கு இவ்வளவு கோபமா என்று நான் பயந்துபோய் ஒதுங்கி நின்றேன்.

அந்த நேரம் அப்பா மூச்சு வாங்க வந்தார். தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஒருத்தரும் வரேல்லையோ?" என்றார்.

"இல்லை," என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ ஆரையும் கண்டனியோ பிள்ளை?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்சலின் கிழிந்த தாளைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் இல்லை என்றேன்.

"அப்ப வரேல்லைப் போலை," என்றார் அப்பா.

மூன்று, இரண்டு, ஒன்று என்று மிச்சத்தையும் நடந்தோம். பாதியில் விடக்கூடாது என்று அம்மா சொன்னார். தாளை வாசிக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா வானொலியைப் போடவில்லை. அந்தப் பார்சலை மறுநாள் அப்பா வேலைக்குக் கொண்டுபோனார். சாப்பிட்டாரா, எறிந்தாரா, தெரியாது.

பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கட்டுரையில் நான் மூன்று பக்கம் எழுதினேன். என் அம்மாவுக்குக் கோட்டைகள் என்றால் மிகவும் விருப்பம், அவர் எதையும் அவசரப்படாமல் பார்ப்பார் என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அதன் கீழே கோடு போட்டு, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

ஆனால் பொய் என்னை விடவில்லை. அன்றைக்கு நான் 'கண்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா ஓடிப்போய் அவரைப் பிடித்திருப்பார். மாமா எங்கே என்று தெரிந்திருக்கும். அம்மா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதெல்லாம் என்னால்தான் என்று நம்பினேன். பன்னிரண்டு வயதிலும் நம்பினேன், பதினாறு வயதிலும் நம்பினேன். விசில் அடிக்கப் பழகியிருந்தேன், அதை நிறுத்திவிட்டேன்.

இப்போது எனக்கு எர்லாங்கன் நகரில் வேலை. மாதத்தில் ஒருமுறை வீட்டுக்குப் போவேன். மாமாவின் நட்சத்திரம் அவிட்டம். ஒவ்வொரு மாதமும் அவிட்டத்தன்று அம்மா கோயிலுக்குப் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார், அம்மா சத்தமாகச் சொல்வார். எங்கள் பக்கத்துக் கோயில், டயர்க் கடைக்கும் மரக்கிடங்குக்கும் இடையில் இருக்கிற ஒரு பழைய களஞ்சியம். போன மாதம் நான் வீட்டில் நின்ற நாளில் அவிட்டம் வந்தது. அம்மா உள்ளே போக, மழை என்பதால் நானும் அப்பாவும் காருக்குள் இருந்தோம்.

அப்பா கண்ணாடித் துடைப்பான் அசைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்டைக்கு அந்தக் கோட்டையிலை நீ ஆளைக் கண்டனியெல்லே?"

எந்தக் கோட்டை என்று நான் கேட்கவில்லை. "ஓம்," என்றேன். "அம்மாவும் கண்டவ."

"தெரியும். நானும் கண்டனான்."

பார்க்கிங் டிக்கெட் மாற்றவில்லையாம். அது நாலு மணிவரை இருந்ததாம். ஊருக்குள்ளால் குறுக்கே ஓடி நாலாம் கோபுரத்துக்கு வந்தபோது பெடியன் எழுந்து நின்று மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்பாவும் பார்த்தாராம், அம்மா முதுகைக் காட்டித் திரும்புவதை.

"அவனிட்டைக் கேட்டன். சொன்னான். தன்ரை கையாலைதான் மண் போட்டதாம். அழுதான். அக்காவுக்குத் தானே சொல்லவேணுமெண்டு நிண்டான். நான்தான் போகச் சொன்னனான். அவவுக்கு முன்னாலை நிண்டிடாதை, போ எண்டு."

"பை?"

"உன்ரை மாமாவின்ரை மணிக்கூடு. ஸ்பெயார் டயருக்குக் கீழை வைச்சுக் கொண்டுவந்தனான். இப்ப வேலையிடத்திலை என்ரை பெட்டிக்குள்ளை கிடக்கு."

"ஏன் அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

"அவ கேக்கேல்லை," என்றார் அப்பா.

நான் அழுதேன். அப்பா கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்துத் தந்தார். அந்தக் கோபுரத்தின் கீழே மூன்று பேர் நனைந்துகொண்டு நின்று, ஒருவரும் வரவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறோம். அதில் நான் ஒருத்திதான் பொய் சொன்னவள் என்று பதினைந்து வருஷம் நினைத்திருந்தேன்.

அம்மா தட்டோடு, குடையில்லாமல், விறுவிறென்று வந்தார். கதவைத் திறந்து முன்சீட்டில் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பியின்ரை பேருக்குச் செய்தாச்சு," என்றார். "இண்டைக்கு ஐயர் வடிவாச் சொன்னவர்."

திருநீற்றை எடுத்து அப்பாவின் பக்கம் கையை நீட்டினார். அப்பா குனிந்து நெற்றியைக் கொடுத்தார். பிறகு நானும் பின்சீட்டிலிருந்து முன்னுக்குச் சாய்ந்து, குனிந்தேன்.